மூன்றாவது முறை கேட்காத கேள்வி

விமானத்தின் படியில் கால் வைத்ததுமே தரானே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே, என்னம்மா இது? ஊரே சேர்ந்து முட்டையை அழுக விட்டிருக்காங்களா?"

ஏரிக்கு அப்பால் காகிதக் கூழ் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. அவள் அம்மா மெஹ்ரி கோட்டின் காலரை இழுத்து வாயையும் மூக்கையும் மூடினாள். கூடவே இறங்கிய மரம் வெட்டும் ஆட்கள் பழகினவர்கள்தான். அவர்களே முகம் சுளித்தார்கள். பஹ்மன் மட்டும் ஓடுதளத்தில் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான்.

"ஆகா, சுத்தமான காத்து" என்றான்.

"அப்பா, ஊர்க்காரங்க யாரும் பக்கத்தில இல்ல. இப்பவே எதுக்கு உபசாரம்?" என்று மகள் சிரித்தாள்.

மெஹ்ரியும் சிரித்தாள். ஆனால் பாதிச் சிரிப்பில் பன்னிரண்டு நாளைக்கு முந்தின நௌரூஸ் புத்தாண்டு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சோறு அடிபிடித்து வீடெல்லாம் புகைந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டினாள். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பஹ்மன், "என்ன, ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இப்போது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் குடும்பத்தின் கதையை வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வந்தவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். மெஹ்ரி, முழுப் பெயர் மெஹ்ரங்கீஸ், ஈரானில் ஷீராஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர். பஹ்மன் அங்கே எலும்பு அறுவை மருத்துவன். ஒரே கல்லூரியில், ஒரே மேசையில் பிணம் அறுத்துப் படித்தவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நீ, வா, போ தான். கனடாவுக்கு வந்த பிறகு வான்கூவரில் அவள் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, "இருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முழங்கால் பட்டை விற்கும் கடையில் நின்றான். இரண்டு பேரும் இங்கே மறுபடி டாக்டராவதற்கு வருஷம் தவறாமல் பரீட்சை எழுதினார்கள். இந்த வருஷம் பஹ்மன் எழுதவில்லை. "நீ எழுது, உனக்கு வழி விடறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். அவளுக்கு டாக்டர் பயிற்சியில் இடம் கிடைத்தது.

வெளிநாட்டில் படித்த டாக்டருக்கு இடம் சும்மா கிடைத்துவிடுமா? பயிற்சிக்குள் நுழையும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் காட்டும் ஊரில் பயிற்சி, அது முடிந்ததும் அதே ஊரில் கட்டாய சேவை, ஆக மொத்தம் ஐந்து வருஷம். நடுவில் விட்டுவிட்டு ஓடினால் இந்த மாகாணத்தில் அதற்கப்புறம் டாக்டர் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அவளுக்குக் காட்டிய ஊர் இந்த ஹாலிஸ் முனை. வரைபடத்தில் பார்த்தபோது பச்சை நடுவே ஒரு புள்ளி. அதற்கு மேலே ஊரே இல்லை.

கையெழுத்துக்குக் கடைசி நாள் இன்று.

இன்றைக்கென்று பார்த்து நௌரூஸின் பதின்மூன்றாம் நாளும் வந்து சேர்ந்தது. இன்று வீட்டில் அடைந்து கிடந்தால் பீடையும் வீட்டிலேயே தங்கிவிடும். வெளியே போய், வீட்டில் முளைக்க வைத்த கோதுமைப் புல்லில் முடிச்சுப் போட்டு, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வருஷத்தின் கெட்டதெல்லாம் புல்லோடு போய்விடும். அதனால்தான் மெஹ்ரி அந்தப் புல் தட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே பறந்து வந்திருந்தாள்.

மடியில் புல், மனசில் ஒரு கேள்வி.

ஷீராஸ்காரரிடம் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும். ஒரு கோப்பைத் தேநீராக இருந்தாலும் சரி, பெண் கேட்பதாக இருந்தாலும் சரி. முதல் பதில் மரியாதைக்கு. இரண்டாவது பதில் கூச்சத்துக்கு. மூன்றாவதாகச் சொல்வதுதான் மனசில் இருப்பது. அதிலும் பொய் சொல்கிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். இடம் கிடைத்த அன்று மெஹ்ரி கேட்டாள்: "அந்த ஊருக்கு நீயும் என்கூட வருவே இல்ல?" பஹ்மன், "இது ஒரு கேள்வியா? நீ இருக்கற இடத்துலதான் நான்" என்றான். நௌரூஸ் அன்று மறுபடி கேட்டாள். "அதான் வர்றேன்னு சொன்னேனே" என்றான்.

மூன்றாவது முறை அவள் இன்னும் கேட்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேரம் இருந்தது. தைரியம்தான் இல்லை.

எர்ல் என்பவர் பிக்கப் வண்டியோடு காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இந்த ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் அவர்தான், பனி தள்ளுவதும் அவர்தான்.

"டாக்டருங்களை ஏர்போர்ட்டிலேருந்து கூட்டிட்டு வர்றதும் நான்தான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திரும்பக் கொண்டுபோய் விடறதும் நான்தான்" என்றார்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மூவரும் வண்டியில் ஏறினார்கள்.

"சார், உங்க மஃப்ளர் பிரமாதம்" என்றார் எர்ல்.

"உங்களுக்குத்தான் நல்லா இருக்கும். எடுத்துக்கோங்க" என்றான் பஹ்மன், வழக்கப்படி.

ஷீராஸாக இருந்தால் எதிராளி நெஞ்சில் கை வைத்து, "ஐயையோ, உங்க கழுத்துல இருந்தாத்தான் அதுக்கு அழகு" என்று சொல்லியிருப்பார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். எர்ல் முகம் மலர்ந்து கையை நீட்டினார்.

"நிஜமாவா? என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் யாரும் எனக்கு மஃப்ளர் குடுத்ததில்ல சார்."

இனி என்ன செய்வது! பஹ்மன் ஒற்றைக் கையால் கழுத்துச் சுற்றைக் கழற்றினான். ரொம்ப நேரம் ஆயிற்று. இடது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவேயில்லை. பின் சீட்டிலிருந்து தரானே எட்டி, மளமளவென்று கழற்றிக் கொடுத்தாள்.

"அடுத்து கோட்டையும் குடுத்துடுங்கப்பா. ஊருக்கு வந்ததும் வராததுமா உரிச்சுட்டாங்க உங்களை" என்றாள்.

அந்த மஃப்ளரைப் பின்னியது மெஹ்ரி. உபசாரத்துக்குச் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாரே இந்த அப்பாவி மனுஷர் என்று நினைத்து அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அந்தச் சிரிப்புக்காக அவள் வெட்கப்படப் போகிறாள்.

சாலை ஓரமெல்லாம் பனிச் சுவர். நடுநடுவே மரச் சிலுவைகள், வெளுத்துப்போன பிளாஸ்டிக் பூக்கள்.

"அது லாரி வழுக்கினது" என்று எர்ல் காட்டிக்கொண்டே வந்தார். "அது ரெண்டு பசங்க. இந்தா இது என் மச்சான். நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ்ல நான்தான் கொண்டுபோனேன். பெரிய ஆஸ்பத்திரி மூணு மணி நேரம். பாதி வழியில ரோடு மூடிடுச்சு."

"அப்ப இங்க டாக்டர் இல்லையா?" என்று கேட்டாள் மெஹ்ரி.

"அப்ப இல்ல" என்றார் எர்ல். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இப்பதான் நீங்க வந்துட்டீங்களே."

டாக்டர் வீடு ஏரியைப் பார்த்து இருந்தது. மருத்துவமனை நிர்வாகி டோரீன் வாசலிலேயே மெஹ்ரியைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தவர் லேசில் விடவில்லை. உள்ளே ஹீட்டர் கதகதவென்று ஓடியது. குளிர்பெட்டி நிறைய ஊரார் கொண்டுவந்து வைத்த சாப்பாடு. கொக்கியில் மூன்று கம்பளிக் குல்லாய்கள், மூன்றும் அவரவர் அளவில்.

"என் அளவு எப்படித் தெரிஞ்சுது?" என்று தரானே அம்மாவின் காதில் கேட்டாள்.

"இங்க உன் புதுப் பள்ளிக்கூடத்துலயும் எல்லாம் சொல்லி வச்சாச்சு கண்ணு" என்றார் டோரீன். "பஸ் இந்த வாசலுக்கே வரும். உன் பக்கத்து சீட்டு பொண்ணுகூட யாருன்னு முடிவாயிடுச்சு."

"நாங்க இன்னும் கையெழுத்தே போடலையே" என்றாள் மெஹ்ரி மெதுவாக.

"அதான் போடப் போறீங்களே!"

அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் மெஹ்ரிக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு அன்பைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் எப்படி முடியாது என்று சொல்வது?

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருந்தன. பிள்ளைகளின் உயரக் கோடுகள். மெஹ்ரி குனிந்து பெயர்களைப் படித்தாள். தெமிதோப்பே. அதற்குப் பக்கத்தில் யுவான் பாப்லோ. ஓல்ஹா. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு தேசம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. எந்தப் பிள்ளையும் இந்த வீட்டில் வளர்ந்து முடிக்கவில்லை.

"இவங்கல்லாம்..."

"உங்களுக்கு முன்னாடி இருந்த டாக்டர்களோட பசங்க" என்றார் டோரீன். குரலில் இருந்த வெல்லம் கொஞ்சம் இறுகியது. "எல்லாரும் வரும்போது ரொம்ப நல்லவங்க. ஒருத்தருக்குக் குளிர் ஒத்துக்கல. ஒருத்தரோட பொண்டாட்டி வர்றேன்னு சொல்லிட்டு வரவேயில்ல. பாவம், அவர் தனியா சமைச்சுத் தனியா சாப்பிட்டு, ஒரு ஜனவரியில எழுந்து போயிட்டார். அந்த வாரம் இங்க ஒரு பிரசவம். அதைப் பத்தி நாங்க பேசறதில்ல." பிறகு சட்டென்று சிரித்தார். "தரானே, இங்க வந்து நில்லு. உனக்கும் ஒரு கோடு போட்டுடலாம்."

"நான் வளர்ந்து முடிச்சாச்சு ஆன்ட்டி. இனிமே குறையத்தான் போறேன்."

"சும்மா நில்லு."

தலைக்கு மேலே பென்சில் கரகரவென்று ஓடியது. கையெழுத்துக்கு முன்பே கோடு விழுந்துவிட்டது.

மதியம் மூவரும் புல் தட்டோடு ஏரிக்கரைக்கு நடந்தார்கள். வான்கூவரில் இந்நேரம் கடற்கரைப் பூங்கா முழுக்க ஈரானியர்களும் கபாப் புகையும் கூச்சலுமாக இருக்கும். இங்கே அவர்கள் மூன்று பேர்தான். ஏரி கரையோரம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு பிளவு, அதில் தண்ணீர் அசைந்தது.

பஹ்மன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பனியில் கால் புதைய நடக்கும்போது யாருக்கும் கை வீசும். அவனுக்கு வலது கை வீசியது. பையிலிருந்து வெளியே வந்திருந்த இடது கை, யாரோ மாட்டிவிட்ட மாதிரி உடம்போடு ஒட்டித் தொங்கியது.

மெஹ்ரி குழந்தை மருத்துவர்தான். ஆனாலும் மருத்துவர். வாசனை தெரியாத மூக்கு. வீசாத கை. காலையில் புறப்படும்போது கண்ணாடி முன்னால் நின்று அப்பாவின் கோட்டுக்குப் பட்டன் போட்டுவிட்ட மகள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்திருந்தாள். மூன்றும் அவள் மனசில் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நகர்ந்தன. நகரட்டும் என்று விடாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்த இடம் வேண்டும். எத்தனையோ வருஷமாக, காய்ச்சலோடு வரும் குழந்தையைத் தொட்டுப் பார்க்கக்கூட உரிமை இல்லாமல், பெயரை மட்டும் எழுதி உட்கார வைத்தவள் அவள். இன்று ஒரு நாள் மட்டும் எதையும் பார்க்காமல் இருந்துவிட்டால் போதும்.

"முடிச்சு போடுங்க, முடிச்சு போடுங்க" என்று தரானே தட்டை நீட்டினாள். "அம்மா, நீ என்ன வேண்டிக்கறே?"

"சொன்னா நடக்காது." மெஹ்ரி இரண்டு புல்லை எடுத்து முடிந்தாள். தரானேவும் முடிந்தாள். "பஹ்மன், நீ?"

"எனக்கு என்ன வேணும்? வேண்டினதெல்லாம் நடந்தாச்சு. பொண்டாட்டி மறுபடி டாக்டராயிட்டா" என்றான் அவன், கை இரண்டையும் பைக்குள் விட்டுக்கொண்டு.

கல்லூரி நாளில் டீக்கடையில் உட்கார்ந்து, வலது கையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடி, இடது கையால் மட்டும் மேசைக் காலில் நூல் முடிச்சுப் போட்டுக் காட்டுவான். ஒரே கையால் கண் இமைப்பதற்குள் அறுவை முடிச்சு. அந்த வித்தையைப் பார்த்துத்தான் மெஹ்ரி அவனைக் கட்டிக்கொண்டாள் என்று இன்றும் சிநேகிதிகள் கேலி பேசுவார்கள். பதின்மூன்றாம் நாளில் அவன் புல்லில் முடிச்சுப் போடாத வருஷம் இதுதான் முதல்.

மெஹ்ரி தட்டிலிருந்து புல்லைப் பெயர்த்து, கறுப்புத் தண்ணீரைக் குறி வைத்து எறிந்தாள். அது அவ்வளவு தூரம் போகவில்லை. பனிக்கட்டிமேல் தட்டென்று விழுந்து, கொஞ்சம் சறுக்கி, நின்றது. வெள்ளை நடுவே பச்சையாக, எறிந்தவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"தண்ணியில விழலையே" என்றாள் தரானே.

"பனி உருகும்போது போயிடும்" என்றான் பஹ்மன். "வா, திரும்பிப் பாக்கக் கூடாது."

மெஹ்ரி திரும்பிப் பார்த்தாள்.

மருத்துவமனையைச் சுற்றிக் காட்ட டோரீனுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. நல்ல சின்ன மருத்துவமனை. பிரசவ அறை பூட்டியிருந்தது. பூட்டின் மேல் தூசி இருந்தது. ஆலோசனை அறையில் மேசைமேல் ஒப்பந்தம், பேனா, மூஸ் மான் கறிக் குழம்பு, ரொட்டி எல்லாம் வைத்திருந்தார்கள்.

"குழம்பு போடட்டுமா சார்?" என்று கேட்டார் டோரீன்.

"வேண்டாங்க, பசியில்ல" என்றான் காலையிலிருந்து பட்டினியாக இருந்த பஹ்மன். டோரீன் சரியென்று பாத்திரத்தை மூடிவிட்டார். பஹ்மன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தரானே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"இங்க ஸ்பெஷலிஸ்ட்டுங்க யாராவது வருவாங்களா?" என்று அவன் பேச்சுவாக்கில் கேட்டான். "கண்ணு, தோலு, நரம்பு... இந்த மாதிரி?"

"கண்ணுக்கு மாசா மாசம் வருவாங்க. நரம்பு டாக்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை. வானிலை விட்டா" என்றார் டோரீன். "ஏன் சார்?"

"சும்மாதான்."

மெஹ்ரி பேனாவைக் கையில் எடுத்திருந்தாள். கண்ணு, தோலு, நரம்பு. அவனுக்குக் கண்ணில் கோளாறு இல்லை. தோலில் கோளாறு இல்லை.

இப்போது கேட்க வேண்டும். இந்தக் கணத்தை விட்டால் கேட்டும் பிரயோஜனமில்லை. எல்லோர் முன்னாலும் ஷீராஸ் பாஷையில் ஒரே ஒரு வரி கேட்டால் போதும். மூன்றாவது முறை அவன் பொய் சொல்ல மாட்டான். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"பஹ்மன்..."

"போடு மெஹ்ரி" என்றான் அவன், அவள் வாயை அடைக்கிற மாதிரி. "அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க பார். நான் போய் எக்ஸ்ரே ரூம் பாத்துட்டு வர்றேன்."

அவன் போய்விட்டான். எலும்பு மருத்துவனுக்கு எக்ஸ்ரே அறை பார்க்க ஆசை இருக்காதா என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள். நெஞ்சுக்குள் முதலில் வந்தது நிம்மதி. கேட்க வேண்டியதில்லை, ஆள் இல்லையே. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையெழுத்தைப் போட்டாள்.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே நீங்க எங்க டாக்டர்" என்றார்.

சாயங்காலம் டாக்டர் வீட்டில் மூவரும் யாரோ செய்த சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. எர்ல். கழுத்தில் மெஹ்ரி பின்னிய மஃப்ளர். முழங்கால் வரைக்கும் கால்சட்டை நனைந்திருந்தது. இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்திருந்தார், அந்தப் புல்லை.

"பாப்பா ஏரி மேல மறந்துட்டு வந்துடுச்சு போல" என்றார். "நாய்க்குட்டி மாதிரி மடியிலயே வச்சிருந்தீங்களே, தேடுவீங்களேன்னு போய் எடுத்தேன். பனிக்கட்டி மெல்லிசாயிடுச்சு. ஒரு கால் உள்ள போயிடுச்சு, நல்ல வேளை."

எறிந்த பீடையை ஒருவர் உயிரைப் பணயம் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தால், அவருக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது? பஹ்மன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டான்.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும்" என்றான். அவர்கள் பாஷையில் நன்றிக்கு அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ள வலது கையை மட்டும் நீட்டினான். புல் சரிந்தது. இடது கை தாங்க வந்தது. வந்த கை நடுங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிப் பார்ப்பதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.

மெஹ்ரி புல்லை வாங்கிக்கொண்டாள். எர்ல் போனதும் கதவைச் சாத்தினாள். தரானேவிடம், "மாடியில போய்ப் படுக்கையைப் போடு" என்றாள். அவள் ஒரு முறை அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மெஹ்ரி புல்லை மேசைமேல் வைத்தாள். மதியம் போட்ட இரண்டு முடிச்சும் அவிழாமல் அப்படியே இருந்தன.

"ஒரு முடிச்சு போடு" என்றாள்.

"இதென்ன விளையாட்டு மெஹ்ரி..."

"போடு."

அவன் உட்கார்ந்தான். இரண்டு புல்லைப் பிரித்தெடுக்கவே முடியவில்லை. வலது கை பிடித்துக் கொடுத்ததை இடது கை நழுவ விட்டது. மறுபடி எடுத்தான். மறுபடி நழுவியது. ஒரு காலத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டவன் நெற்றியில் வியர்வை பூத்தது. அவளுக்குக் கத்தி அழ வேண்டும்போல இருந்தது.

"போதும்" என்றாள். "எப்பலேருந்து?"

"போன கோடையிலேருந்து."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். அவர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"பார்க்கின்சன். நடுக்குவாதம். வாசனை தெரியாம போனதும் அதனாலதான்" என்றாள் அவள். வாய்விட்டுச் சொன்னதும் அது அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. "அதனாலதான் பரீட்சை எழுதல. எனக்கு வழி விடறேன்னு பெரிய தியாகி மாதிரி..."

"தியாகமும் கொஞ்சம் இருக்கட்டுமே. அதையும் புடுங்கிக்காதே." அவன் சிரிக்கப் பார்த்தான். "மெஹ்ரி, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு நீ மூணாவது தடவை கேக்காம விட்டதுக்கு, உன் கை வலிக்காம இருக்கட்டும்."

அவள் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாள் முழுக்க உன்கிட்டேருந்து தப்பிச்சு ஓடிக்கிட்டு இருந்தேன்" என்றான் அவன். "நீ கேட்டிருந்தா என்னால பொய் சொல்லியிருக்க முடியாது. உண்மையைச் சொல்லியிருந்தா நீ பேனாவைக் கீழ வச்சிருப்பே. எத்தனை வருஷ உழைப்பு! என் கையால அதைக் கெடுக்க மாட்டேன். இந்தக் கையால நிச்சயமா மாட்டேன்."

"எனக்குத் தெரியும் பஹ்மன்" என்றாள் அவள். "ஏரிக்கரையிலேயே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சுதான் கேக்கல. நீ எனக்காக ஓடினே. நான் எனக்காக வாயை மூடிக்கிட்டேன்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. வெளியே எர்லின் வண்டி பனி தள்ளும் ஓசை கேட்டது; நாளைக் காலை டாக்டருக்கு வாசல் சுத்தமாக இருக்க வேண்டுமே.

மெஹ்ரி அவன் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். உள்ளே அது ஓயாமல் துடித்தது.

"இப்ப கேக்கறேன். மூணாவது தடவை. இந்த ஊருக்கு நீ என்கூட வருவியா?"

பஹ்மன் வலது கையால் புல்லை மேசை ஓரமாகத் தள்ளினான்.

"இல்ல மெஹ்ரி" என்றான். "இங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற டாக்டரை நம்பி என்னால இருக்க முடியாது. என் நோய் முத்த முத்த நீ ஒப்பந்தத்தை உடைச்சுப் போட்டுட்டு என்னைத் தூக்கிட்டு ஓடுவே. அப்புறம் உனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. நீயும் தரானேவும் இங்க இருங்க. நான் வான்கூவர்லயே இருந்துக்கறேன்."

"அப்ப நானும் வரலம்மா."

இருவரும் திரும்பினார்கள். தரானே கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தில் கேலி இல்லை, அழுகையும் இல்லை.

"நான் உன்கூட இங்க வந்துட்டா, காலையில அப்பாவுக்குப் பட்டன் யார் போட்டுவிடுவா?" என்றாள்.

அவள் தலைக்குச் சரியாக மேலே, டோரீன் காலையில் போட்ட பென்சில் கோடு தெரிந்தது.